ஒதுக்கீட்டு இடத்தில் ஒரு திருநங்கை

உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழுந்தாலே பெரக்கரை நாட்டில் முதலில் கேட்கப்படும் கேள்வி, "இந்தத் தடவை யாருக்கு ஒதுக்கியிருக்காங்க?" என்பதுதான். வேட்பாளர் யார், கட்சி எது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. நாமக்கல் மாவட்ட ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. அடுத்த தேர்தலுக்கு முன் நாம் இன்னொரு கேள்வியையும் கேட்டாக வேண்டும். அந்த ஒதுக்கீட்டு இடத்தில் நம் ஊரில் பிறந்த ஒரு திருநங்கை நிற்க முடியுமா?

முடியும் என்று காட்டியவர் மதுபாய் கின்னர். சத்தீஸ்கர் மாநிலம் ராய்கர் நகரைச் சேர்ந்த தலித் திருநங்கை. வடமாநிலங்களில் திருநங்கையரைக் கின்னர் என்று அழைப்பார்கள். அதையே அவர் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். ஹவுரா - மும்பை வழித்தட ரயில்களில் பாடி, ஆடிக் கிடைத்த காசில் வாழ்ந்தவர். ராய்கர் மேயர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டிருந்த நிலையில் சுயேச்சையாக மனுத் தாக்கல் செய்தார். பணபலம் கிடையாது. 2015 ஜனவரியில் வாக்குகள் எண்ணப்பட்டபோது, மாநிலத்தை ஆண்ட பாஜகவின் வேட்பாளரைவிட 4,537 வாக்குகள் அதிகம் பெற்று மேயர் ஆனார். அப்போது அவருக்கு வயது 35.

இந்த வெற்றிக்கு ஒன்பது மாதங்களுக்கு முன்புதான், 2014 ஏப்ரல் 15 அன்று, திருநர்களை மூன்றாம் பாலினமாக அங்கீகரித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஒருவர் தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கலாம் என்றும் அத்தீர்ப்பு சொன்னது.

அந்தத் தீர்ப்புக்கு முன் என்ன நடந்தது என்பதை மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் கட்னி நகர மக்கள் கமலா ஜான் என்ற திருநங்கையை மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். அது பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம். அவர் பெண் அல்ல, ஆண் என்று சொல்லி நீதிமன்றம் அந்த வெற்றியைச் செல்லாததாக்கியது. 2003-இல் உயர் நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. மக்கள் கொடுத்த பதவியை ஒதுக்கீட்டு விதி பறித்துக்கொண்டது.

மதுபாய் நின்றது சாதி அடிப்படையிலான ஒதுக்கீட்டு இடம். அங்கே கேட்கப்பட்டது சாதிச் சான்றிதழ். கமலா ஜான் நின்றது பெண்கள் இடம். அங்கே கேட்கப்பட்டது உடல். நம் மலையிலோ இந்த இரண்டு கேள்விகளும் ஒரே வேட்பாளரிடம் கேட்கப்படும். பழங்குடி மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர்கள் இவை. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கான ஒதுக்கீடும் 2016 முதல் 50 சதவீதம். பழங்குடிப் பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்ட இடத்தில் நிற்க விரும்பும் திருநங்கை, தாம் பழங்குடி என்பதையும் பெண் என்பதையும் சேர்த்து நிறுவ வேண்டியிருக்கும்.

இதில் முதலாவதே கடினம். பழங்குடியினர் சாதிச் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர் வழங்குகிறார். அப்பாவின் சான்றிதழ், உறவினரின் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ் என்று வீட்டிலிருந்து எடுத்துப் போக வேண்டிய தாள்கள் பல. பத்தாம் வகுப்பைக்கூட முடிக்காமல் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பிள்ளை அந்தத் தாள்களுக்கு எங்கே போகும்? வீடு கைவிட்டால் சொத்து மட்டும் போவதில்லை, சாதிச் சான்றும் அதோடு வரும் படிப்பு, வேலை, பதவி எல்லாமும் போகின்றன. தலித் குடும்பங்களில் பிறந்த திருநங்கையருக்கும் இதே கதிதான்.

திருநர்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்து 2015-இல் தமிழக அரசு ஆணையிட்டது. பாலினத்தைச் சாதியாகக் கருதுவது தவறு என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கூறி, எல்லாச் சாதிப் பிரிவுகளுக்கு உள்ளேயும் திருநர்களுக்கு ஒரு பங்கு தரச் சொன்னது. ஒரு தலித் திருநங்கை தலித்தாகவும் இருக்கிறார், திருநங்கையாகவும் இருக்கிறார். ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடு என்று யாரும் சொல்லக் கூடாது.

திருநங்கைக்கு ஊரில் யார் ஓட்டுப் போடுவார்கள் என்று கேட்பவர்கள் நம் மாவட்டத்தையே பார்க்கட்டும். 2019 டிசம்பரில் நடந்த தேர்தலில் திருச்செங்கோடு ஊராட்சி ஒன்றியத்தின் 2-ஆவது வார்டில் திமுக சார்பில் நின்ற திருநங்கை ரியா வென்றார். 2022-இல் வேலூர் மாநகராட்சியின் 37-ஆவது வார்டில் கங்கா வென்றார். மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் மாவட்டத்தில், பெண்கள் இடம் என்று சொல்லி மனு தள்ளப்பட்ட ஒரு திருநங்கை 2021-இல் மும்பை உயர் நீதிமன்றம்வரை போய் உரிமை பெற்று, கிராம ஊராட்சித் தேர்தலில் ஜெயித்தார். ஓட்டுப் போட மக்கள் தயங்கவில்லை.

ஆனால் ஒவ்வொருவரும் உயர் நீதிமன்றம்வரை போக முடியாது. எனவே மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். பெண்களுக்கான இடங்களில் திருநங்கையர் நிற்கலாம் என்பதை ஊராட்சிச் சட்டத்திலேயே எழுதி, ஒவ்வொரு தேர்தல் அறிவிப்போடும் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். குடும்பத்தால் ஒதுக்கப்பட்டவர்களுக்கு, ஊர்ப் பெரியவர்களையும் பள்ளிப் பதிவேட்டையும் கிராம நிர்வாக அலுவலர் நேரில் விசாரித்து, சாதிச் சான்றிதழ் கிடைக்க வழிசெய்ய வேண்டும். இவை அரசின் வேலை.

மூன்றாவது நம் வேலை. நடையும் பேச்சும் மாறுகிறது என்பதற்காக ஒரு பிள்ளையை அடித்து, பள்ளியிலிருந்து நிறுத்தி, மலையிறங்கிப் பேருந்து ஏறவிடாமல் வீட்டில் வைத்துப் படிக்க வைப்போம். விடுதியில், வகுப்பறையில் அப்பிள்ளையைக் கேலிசெய்யும் பையன்களை மாணவர்களே தட்டிக்கேட்க வேண்டும். சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டதன் வலி நமக்குத் தெரியும். அதே வலியை நம் வீட்டுப் பிள்ளைக்கு நாமே கொடுத்துவிட்டு, ஒதுக்கீட்டு உரிமைக்காகக் குரல் எழுப்புவதில் நியாயம் இல்லை.