கார்டை மாற்ற யாரிடம் அனுமதி?

லேப்டாப்புக்கு வைஃபை கார்டு மாற்றப் போகிறீர்களா? பெட்டியில் '2400 எம்.பி.பி.எஸ்.' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். மயங்காதீர்கள். அது ஏட்டுச் சுரைக்காய். உங்கள் வீட்டு இணைப்பு 100 என்றால், எந்தக் கார்டைச் செருகினாலும் இன்டர்நெட் 100-ஐத் தாண்டாது. தொட்டியில் தண்ணீர் இல்லாமல் குழாயை மட்டும் அகலப்படுத்தி என்ன பிரயோஜனம்?

பழைய கார்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பிடிக்கிறதா? அப்போது மாற்றுங்கள், நியாயம். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் மூன்றே மூன்று. அடுக்குமாடி முழுக்க அதில்தான் முண்டியடிக்கிறது. உங்கள் ரூட்டரும் 5 கிகாஹெர்ட்ஸ் தருமானால் நிம்மதி.

ஆனால், பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். இன்டெல் ஏ.எக்ஸ்.210, ஏ.எக்ஸ்.211 இரண்டும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள். முன்னது ஏ.எம்.டி. லேப்டாப்பிலும் ஓடும். பின்னது அதற்கென்று வசதி செய்த இன்டெல் மெஷினில் மட்டும்தான். மற்றதில் செருகினால் வெறும் தகடு.

இது பரவாயில்லை. ஐ.பி.எம். காலத்துத் திங்க்பேடுகள் பலவற்றில், கம்பெனி பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் '1802' என்று பிழை காட்டி மெஷின் முரண்டு பிடிக்கும். இன்று பல ஒல்லி லேப்டாப்புகளில் அந்தச் சண்டையே கிடையாது. கார்டை போர்டோடு பற்றவைத்துவிடுகிறார்கள்!

காசு நம்முடையது, சாவி அவர்களிடம். அதனால், அடுத்த லேப்டாப் வாங்கும்போது நிறத்தைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: "வைஃபை கார்டு கழற்ற வருமா சார்?" கடைக்காரர் முழித்தால், பர்ஸை மூடிக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.