தாமதித்த நீதியின் விலை

சம மதிப்புடைய வேலைக்குச் சம வேதனம் என்னும் கொள்கையை இன்று எவரும் வாயளவில் மறுப்பதில்லை. ஆயின், நீதி ஏட்டில் ஏறுவது வேறு; உழைப்பவர் கையில் சேர்வது வேறு. இதற்கு ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ மாநகர சபையே சான்று.

பிரித்தானியாவின் சம வேதனச் சட்டம் 1970இல் நிறைவேறியது. அச்சபை தன் வேலைகளைத் தரம்பிரித்ததோ 2006இல். அத்தரப்பிரிப்பு, முதியோரைப் பராமரிக்கும் பெண்களையும் சமையற் பெண்களையும் குப்பை அள்ளும் ஆடவரினுந் தாழ்ந்த வேதனத்தில் நிறுத்திற்றென வழக்கு எழுந்தது. குப்பைத் தொட்டியைத் தூக்குவது பாரமெனில், படுக்கையிற் கிடக்கும் முதியவரைத் தூக்குவது பாரமன்றோ?

அம்முறை செல்லுமெனச் சபை நிறுவவில்லையென 2017இல் நீதிமன்றம் தீர்த்தது. அதன்பின்னும் இழுபறியே! 2018 ஒக்டோபரில் 8,000க்கு மேற்பட்ட பெண்கள் இருநாள் வேலைநிறுத்தஞ் செய்தனர். குப்பை அள்ளும் ஆடவர் பலரும் மறியலைத் தாண்ட மறுத்து அவர்பக்கம் நின்றனர். 2019இல் சுமார் 50 கோடி பவுண் வழங்கச் சபை உடன்பட்டது. அதற்காகப் பொதுக் கட்டடங்களை விற்று, அவற்றையே குத்தகைக்கு எடுக்க நேர்ந்தது. 2023 செப்டம்பரில் பேர்மிங்ஹாம் மாநகர சபை புதுச் செலவுகளை நிறுத்தியதற்கும் இத்தகைய கடன் ஒரு காரணம்.

பெண்களின் கோரிக்கையே சபைகளை முறித்ததெனச் சிலர் கூறுவர். அது தவறு. உரிய காலத்திற் கொடாத கூலியே வட்டியோடு வளர்ந்து கடனாயிற்று. சிறு உடைப்பை அன்றே அடையாதவன், பின்னர் வரம்பு முழுவதையும் இழப்பான் என்பதை உழவர் அறிவர்.

தரம்பிரிப்போர் மறைவிலிருந்து புள்ளியிடலாகாது. வேலை செய்வோரும் அச்சபையில் அமரவேண்டும். அளவுகோல் யாவரும் காண வெளியிடப்படவேண்டும். நீதியை இன்று வழங்குவதே மலிவு.