கருமுட்டை தானம் கொடுத்தால் பிறகு குழந்தை பிறக்காதா?

2022-ல் ஈரோட்டில் 16 வயது சிறுமியிடம் பலமுறை கருமுட்டை எடுத்து விற்ற வழக்கு தமிழகத்தையே உலுக்கியது. வயதைக் கூட்டிக் காட்ட போலி ஆதார் வேறு. கருமுட்டை தானம் என்றாலே எழும் பயம் ஒன்றுதான்: ‘இப்போ கொடுத்துட்டா, நாளைக்கு நமக்குன்னு குழந்தை பிறக்குமா?’

முட்டை தீர்ந்து போகுமா?

போகாது. பருவமடையும்போது சினைப்பைகளில் சுமார் 3 முதல் 4 லட்சம் கருமுட்டைகள் இருக்கும். வாழ்நாள் முழுக்க முதிர்ந்து வெளியேறுவது 400, 500 தான். ஒவ்வொரு மாதமும் பல முட்டைகள் வளரத் தொடங்கும். ஒன்று முந்தும், மற்றவை அழிந்துவிடும். தானத்துக்கு முன் போடும் ஹார்மோன் ஊசி, அப்படி வீணாகப் போகவிருந்தவற்றைத்தான் வளர்த்தெடுக்கிறது. அடுத்த மாதக் கணக்கில் கை வைப்பதில்லை.

அப்போ ஆபத்தே இல்லையா?

இருக்கு. ஊசியின் விளைவாக சினைப்பை அளவுக்கு மீறி வீங்கி, வயிற்றில் நீர் கோக்கலாம். முட்டையை எடுக்கும்போது ரத்தக்கசிவோ தொற்றோ ஏற்படலாம். அரிதாக சினைப்பை முறுக்கிக்கொள்ளும். தொற்று கருக்குழாயை அடைத்தாலோ, முறுக்கிய சினைப்பையை அகற்ற நேர்ந்தாலோ, பின்னாளில் கருத்தரிப்பது சிரமமாகலாம். ஆக, பயப்பட வேண்டியது முட்டை குறைவதற்கு அல்ல. கவனமில்லாத சிகிச்சைக்கும், திரும்பத் திரும்ப எடுப்பதற்கும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2021-ம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்பச் சட்டப்படி, தானம் தருபவருக்கு 23 முதல் 35 வயது இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே முறைதான் தரலாம். அதிகபட்சம் 7 முட்டைகள். முட்டை பெறும் தரப்பு அவருக்கு 12 மாதக் காப்பீடு எடுத்துத் தர வேண்டும்.

இது போதுமா?

உடனடிச் சிக்கல்களுக்கு 12 மாதம் சரி. ஆனால் 23 வயதில் தானம் தந்தவர், 28 வயதில் தனக்கென ஒரு குழந்தைக்கு முயலும்போது? அன்றைக்கு அந்தக் காப்பீடு இருக்காது. தானத்துக்கு முன் அவருடைய கருமுட்டை இருப்பு எவ்வளவு, என்ன மருந்து, எவ்வளவு டோஸ், எத்தனை முட்டை எடுத்தார்கள் என்ற விவரம் அவர் கையில் தமிழிலேயே எழுத்தாக இருக்க வேண்டும். சில ஆண்டுகள் கழித்தும் இலவசப் பரிசோதனை வேண்டும். முட்டை வாங்கிய தம்பதியின் கர்ப்பத்தை வாராவாரம் கவனிக்கும் மருத்துவம், அதைக் கொடுத்தவரை வாசலோடு மறந்துவிடக் கூடாது.

தானத்துக்குப் பின் வயிறு வேகமாக வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்க.