அந்த வீடியோவை அனுப்பினீங்களே, அண்ணாச்சி

2020 ஏப்ரலில் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் நீங்க போட்ட வீடியோ ஞாபகம் இருக்கா அண்ணாச்சி? தள்ளுவண்டிப் பழக்காரர் ஒருத்தர் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பழத்தை அடுக்குவார். "பாய்ங்ககிட்ட எதுவும் வாங்காதீங்க, வேணும்னே கொரோனாவைப் பரப்புறாங்க"ன்னு மேலே ஒரு வரி. கோமதி அம்மன் படத்துக்கும் காலை வணக்கத்துக்கும் நடுவில் அதைப் போட்டுட்டுக் காப்பி குடிக்கப் போயிட்டீங்க.

அந்தப் பழக்காரர் மத்தியப் பிரதேசம் ராய்சேன்காரர். வீடியோ எடுத்தது பிப்ரவரியில், ஊரடங்குக்கு ஒரு மாசத்துக்கும் முன்னால். மனநிலை சரியில்லாதவர்னு வீட்டார் சொன்னாங்க. இதையெல்லாம் உண்மை சரிபார்க்கிறவங்க விசாரிச்சு ஏப்ரலிலேயே எழுதிட்டாங்க. அது மட்டும் ஏன் நம்ம குரூப்புக்கு வரலை?

நான் சங்கரன்கோவிலிலேயே பிறந்தவன். சேலையும் துண்டும் ஊர் ஊரா தவணைக்குக் கொடுத்து வாரக் காசு வாங்கிப் பிழைக்கிறவன். மார்ச் 24 ராத்திரியோட தறிச் சத்தம் நின்னுபோச்சு. வீட்டில் அடுப்பு எரியணுமே. தக்காளியும் புளியங்குடி எலுமிச்சையும் எக்ஸெல் வண்டியில் கட்டிக்கிட்டுக் கிளம்பினேன். ஆரம்பத்தில் நல்லாத்தான் போச்சு. உங்க வீடியோ வந்த மறுநாள், வருஷக்கணக்கா என்கிட்ட சேலை எடுக்கிற ஆச்சி கதவைப் பாதி திறந்து, "தப்பா நினைக்காதீய பாய், பிள்ளைய சத்தம் போடுதுவ, இந்தப் பக்கம் வராதீய"ன்னாக. அடுத்த ஊரில் பையன்கள் வண்டியை மறிச்சு ஆதார் கேட்டானுவ. தக்காளி விற்க எதுக்கு அண்ணாச்சி ஆதாரு? "டெல்லிக்குப் போனியாடா?"ன்னு ஒருத்தன். நான் மதுரையைத் தாண்டினதே இல்லை. விற்காத தக்காளியை ரோட்டோரம் கொட்டிட்டு வந்தேன். தவணைப் பாக்கி கேட்கக்கூட எந்தத் தெருவுக்குள்ளும் நுழைய முடியலை.

உங்க ஒருத்தர் கை மட்டுமில்லைன்னு தெரியும். சாயங்காலமானா சென்னையில் அதிகாரிங்க கொரோனாக் கணக்கு சொல்ற பேட்டி. டெல்லி தப்லீக் ஜமாத் மாநாட்டுக்குப் போனவங்களுக்குத் தனிக் கணக்கு. எதிர்ப்பு வந்த பிறகுதான் "ஒரே இடத்திலிருந்து பரவியது"ன்னு மாத்திக்கிட்டாங்க. 'கொரோனா ஜிஹாத்'ங்கிற ஹேஷ்டேக் ஒரே வாரத்தில் ட்விட்டரில் ஏறக்குறைய 3 லட்சம் தடவை வந்துச்சுன்னு ஈக்வாலிட்டி லேப்ஸ்ங்கிற அமைப்பு கணக்கெடுத்திருக்கு. 16 கோடிப் பேருக்கு மேல் பார்த்திருக்கலாமாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜோயோஜீத் பால் குழு நம்ம நாட்டுக் கொரோனாப் பொய்களை ஆராய்ஞ்சது. மார்ச் கடைசியோட மருந்துப் பொய்கள் பின்னால போய், முஸ்லிமைக் குறிவைச்ச பொய்கள் ஏறிச்சாம். பூண்டும் கோமியமும் அலுத்துப்போச்சு, கடிக்க ஆள் கிடைச்சுட்டான்! அமெரிக்காவின் எம்ஐடி 2018-லேயே ட்விட்டரை அலசிச் சொன்னது: 1,500 பேரைப் போய்ச் சேர, பொய்யை விட உண்மைக்கு ஆறு மடங்கு நேரம் ஆகுமாம். ஆறு மடங்கா? எனக்கு ஆறு வருஷமாகப் போகுது, நாலு தெரு தள்ளி இருக்கிற உங்க வீட்டுக்கே உண்மை வந்து சேரலை.

வாட்ஸ்அப் கம்பெனியே பயந்துபோய், ரெட்டை அம்புக்குறி போட்டு வர்ற செய்தியை ஒரு தடவைக்கு ஒரு ஆளுக்கோ ஒரு குரூப்புக்கோதான் அனுப்பலாம்னு 2020 ஏப்ரல் 7-ல் கட்டிப்போட்டது. உங்களுக்கு அந்த ஒரு குரூப்பே போதுமா இருந்துச்சு.

டெல்லியில் குணமான தப்லீக்காரங்க மத்த நோயாளிகளுக்குப் பிளாஸ்மா கொடுத்தாங்க. அதை யார் ஃபார்வர்டு பண்ணினா? அந்த மாநாட்டுக்கு வெளிநாட்டிலிருந்து வந்தவங்களைப் பலிகடா ஆக்கிட்டாங்கன்னு 2020 ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு சொன்னது. அவங்களைத் தங்கவைச்சதா 70 இந்தியர்கள் மேல் போட்ட வழக்குகளை 2025 ஜூலையில் டெல்லி உயர்நீதிமன்றம் ரத்து பண்ணிச்சு. அவங்க மேல் வழக்குன்னு ஒண்ணு இருந்துச்சு, அதனால் தீர்ப்புன்னு ஒண்ணு வந்துச்சு. என் மேல் ஒரு துண்டுக் காகிதம்கூட கிடையாதே! எந்தக் கோர்ட்டில் போய் நின்னு, "நான் எச்சில் துப்பலை"ன்னு சொல்லி விடுதலை வாங்க?

சண்டை போட வரலை அண்ணாச்சி. பார்த்தா இன்னும் சிரிக்கத்தான் செய்றீங்க, நானும் சிரிக்கத்தான் செய்றேன். நேத்து போன் பண்ணி, "பாய், பேத்தி சடங்குக்கு நாலு சேலை கொண்டாரும்"னு சொன்னீங்க. கொண்டாரேன். அதுக்கு முன்னால் அதே குரூப்பில், "அந்த வீடியோ பொய்"னு உங்க பேரில் ஒரு வரி போடுங்க. போட்டுட்டுக் கூப்பிடுங்க, வாரேன்.