பகிர்ந்துகொள்ளக் கையில் ஏதாவது வேண்டும்

2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியது. 424 கோடி ரூபாய் வரி பாக்கி என்றது. அரசு பெருமளவு நிதி தரும் கல்வி நிறுவனத்துக்குத்தான் வருமான வரிவிலக்கு. மாநில அரசின் பங்கு செலவில் பாதியைக்கூடத் தொடவில்லை என்பதே சிக்கலின் வேர். 1857-ல் பிறந்த பல்கலைக்கழகம், தான் அரசுடையதுதான் என்று நிரூபிக்க வேண்டியதாயிற்று. இதைவிடத் தலைகுனிவு வேறென்ன?

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சம்பளமும் ஓய்வூதியமும் மாதக்கணக்கில் தள்ளிப்போய், ஊழியர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். தமிழறிஞர்கள் தெ.பொ.மீ.யும் மு.வ.வும் துணைவேந்தர்களாக இருந்த இடம் அது. அஞ்சல்வழிக் கல்வியின் வருமானத்தை நம்பி நெடுங்காலம் நடந்தது. எல்லை தாண்டி மையம் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கட்டுப்படுத்தியதும் அந்த ஊற்று வற்றியது. 1990-ல் நெல்லைப் பக்கத்துக் கல்லூரிகள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டன. ஓய்வூதியச் சுமையோ ஆண்டுதோறும் ஏறுகிறது. தணிக்கைத் தடைகளுக்கு வழிவிட்ட நிர்வாகங்களுக்கும் இதில் பங்கு உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தவறுகளுக்கான தண்டனையை, பாடம் நடத்துபவரும் ஓய்வுபெற்றவரும் அனுபவிப்பது நியாயமே இல்லை.

பணம் குறைந்தால் சேர்ந்து செலவழியுங்கள் என்கிறார்கள். நாமும் அதை ஆதரிக்கிறோம். எந்தப் பல்கலைக்கழகமும் தனியாக வாங்க முடியாத துகள் முடுக்கியை 1984-ல் டெல்லியில் தொடங்கிய பல்கலைக்கழகங்களிடை மையம் அமைத்தது. நாடெங்குமிருந்து ஆய்வாளர்கள் அங்கே போய் வேலை செய்கிறார்கள். புனேயில் ஜெயந்த் நார்லிகர் கட்டிய வானியல் மையமும் அப்படியே. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்களை அரசு நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். சின்ன ஊர்ப் பல்கலைக்கழகத்து மாணவிக்கு இது பெரிய வாசல்.

சென்னையிலேயே இதற்கு முன்னோடி உண்டு. ஜி.என். ராமச்சந்திரன் 1950-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சின்ன இயற்பியல் துறையில் இருந்துகொண்டு, அருகிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் கொலாஜன் புரத மாதிரிகளை வாங்கி ஆராய்ந்தார். கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-ல் அவர் வெளியிட்ட கொலாஜனின் முப்புரி அமைப்பு உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. மாதிரி பக்கத்து நிலையத்தினுடையது. ஆனால் ஆராய்ந்தவருக்குத் துறையும், எக்ஸ்ரே கருவியும், மாதம் தவறாத சம்பளமும் ஏ. லட்சுமணசாமி முதலியார் துணைவேந்தராக இருந்த பல்கலைக்கழகம் கொடுத்தது.

இன்று பல துறைகளில் பேராசிரியர் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. ஆளில்லாத துறை எதைப் பகிரும்? கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் கருவிகளைப் பொதுவாக்கலாம். ஒரு வளாகத்து மாணவர் மற்றதில் பாடம் படித்து மதிப்பெண் பெறலாம். ஓரிரு ஆசிரியர்களோடு மூச்சுவிடும் கல்வெட்டியல், மொழித் துறைகள் இணைந்து வகுப்பு நடத்தலாம். தேர்வு மென்பொருளைக்கூட ஆளுக்கொன்றாக வாங்க வேண்டாம். இவற்றையெல்லாம் காட்டி, காலியிடங்களை நிரப்பாமல் விட மட்டும் எந்த அரசும் துணியக் கூடாது.

ஓய்வூதியப் பொறுப்பை மாநில அரசு முழுமையாக ஏற்று, அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே அதற்குத் தனித் தலைப்பில் நிதி ஒதுக்க வேண்டும். ஆசிரியர் நியமன அறிவிப்பும் அதே ஆண்டில் வர வேண்டும்.