கரைசேர்த்தவர்க்கு விடைகொடுத்தல்

ஆற்றைக் கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்த பின் நீ யார் நான் யார் என்பது நாட்டு வழக்கு. இங்கிலாந்துக் கால்பந்துக் கழகங்கள் சில நடந்துகொள்ளும் முறையைக் காணுங்கால் இப்பழமொழி அவற்றுக்கென்றே பிறந்ததோ என எண்ணத் தோன்றும். பட்டியலின் அடியில் கிடந்து அல்லலுற்ற அணியைத் தூக்கி நிறுத்தி, கீழ்ப்பிரிவில் விழாமல் காத்த மேலாளரை, ஆரவாரம் அடங்கிய சில நாள்களிலேயே பணியினின்றும் நீக்கிவிடுகின்றனர். இது நன்றி மறத்தலா, நல்ல நிருவாகமா? விளையாட்டுப் பக்கத்தின் ஒரு மூலையில் முடிந்துவிடும் செய்திதான் இது. ஆயினும் ஒருவர் செய்து முடித்த பணியை எதைக் கொண்டு அளப்பது என்னும் வினா இதனுள் அடங்கியிருத்தலின், சற்றே விரித்து எண்ணிப் பார்ப்போம்.

மேலாளர் என்றவுடன் நமக்கு வங்கிதான் நினைவுக்கு வரும். கால்பந்து உலகில் அச்சொல் வேறு பொருள் தருவது. அணியைப் பயிற்றுவித்தல், ஆட்டத்திற்கு ஆளைத் தெரிந்தெடுத்தல், ஆடும் முறையை வகுத்தல், தோற்றால் பழியை ஏற்றல் ஆகிய அனைத்தும் அவர் பொறுப்பு. இங்கிலாந்தின் முதற்பிரிவாகிய பிரீமியர் லீக்கில் 20 கழகங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 38 ஆட்டங்கள் ஆட, வெற்றிக்கு 3 புள்ளிகளும் சமநிலைக்கு 1 புள்ளியும் கிடைக்கும். இறுதியில் கடைசி மூன்று இடங்களில் நிற்கும் கழகங்கள் அடுத்த பிரிவுக்குத் தள்ளப்படும். பதினேழாம் இடத்திற்கும் பதினெட்டாம் இடத்திற்கும் உள்ள தொலைவு சிலபோது ஒரே புள்ளிதான். ஆனால் முதற்பிரிவில் இருந்தால் கடைசி இடத்துக் கழகத்திற்கும் ஆண்டுக்குப் பத்துக் கோடி பவுண்டுக்கு மேல் பங்குத்தொகை வருகின்றது. வீழ்ந்த கழகத்திற்குச் சில ஆண்டுகள் உதவித்தொகை உண்டெனினும் அது குறைந்துகொண்டே போவது. எனவே அணியைக் காத்தவர் ஒரு விளையாட்டில் வென்றவர் மட்டுமல்லர். கழகத்தின் பல நூறு ஊழியர்தம் பிழைப்பையும் காத்தவராகின்றார்.

போர்ன்மத் என்னும் கடற்கரை நகரின் கழகத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு 27இல் அவ்வணி லிவர்பூலிடம் ஒன்பதுக்குச் சுழியம் என்ற கணக்கில் தோற்றது. மூன்றே நாளில், அதே ஆண்டு மே மாதத்தில் அணியை முதற்பிரிவுக்கு உயர்த்தித் தந்த ஸ்காட் பார்க்கர் நீக்கப்பட்டார். அவர்கீழ்ப் பயிற்றுநராய் இருந்த கேரி ஓ'நீல் இடைக்காலப் பொறுப்பை ஏற்று, அடுத்த ஆறு லீக் ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல் அணியை நடத்தினார். நவம்பரில் பணி நிலையாக்கப்பட்டது. டிசம்பரில் கழகம் அமெரிக்கரான பில் ஃபோலி கைக்கு மாறிற்று. குளிர்காலத்தில் சரிந்த அணி, 2023 மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களில் லிவர்பூலையும் டாட்டன்ஹாமையும் லீட்சையும் வென்று எழுந்தது. 39 புள்ளிகளுடன் பதினைந்தாம் இடத்தில் முடித்தது. வீழ்வது உறுதி என்று பலரும் கணித்த அணி அது.

மே 28இல் பருவம் முடிந்தது. ஜூன் 19இல் ஓ'நீல் நீக்கப்பட்டார். அதே நாளில் ஸ்பெயின் நாட்டு ராயோ வாயெகானோ அணியின் மேலாளராயிருந்த அன்டோனி இராவோலா அமர்த்தப்பட்டார். நன்றி கொன்றனர் என்று பலர் வெகுண்டனர். நிருவாகத்தின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது என்பதை நாம் மறுப்பதற்கில்லை. பிழைத்துவிட்டோம் என்பது உறுதியான பின் இறுதி நான்கு ஆட்டங்களிலும் அணி தோற்றிருந்தது. பந்தை முன்னேறிச் சென்று பறித்தாடும் முறையே தம் கழகத்திற்கு வேண்டும் என்று உடைமையாளர் முடிவு செய்தார். அம்முறையில் தேர்ந்தவர் ஒருவர் கிடைத்தார்.

பின் நிகழ்ந்தது சுவையானது. இராவோலாவின் அணி முதல் ஒன்பது லீக் ஆட்டங்களில் ஒன்றிலேனும் வெல்லவில்லை. அவ்வொன்பதாம் ஆட்டம் 2023 அக்டோபர் 21இல் போர்ன்மத்தின் சொந்தத் திடலில் உல்வர்ஹாம்ப்டன் அணியுடன் நிகழ்ந்தது. இரண்டுக்கு ஒன்று என வென்றது உல்வர்ஹாம்ப்டன். அவ்வணியின் மேலாளர் வேறு யாருமல்லர். ஆகஸ்டில் அங்குப் பணியேற்ற ஓ'நீலே. அன்று அத்திடலில் அமர்ந்திருந்தோர் நெஞ்சில் என்ன ஓடியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எனினும் நிருவாகம் அசையவில்லை. அடுத்த வாரம் பர்ன்லியை வென்ற அணி, பருவ முடிவில் 48 புள்ளிகளுடன் பன்னிரண்டாம் இடத்தைப் பெற்றது. முதற்பிரிவில் அக்கழகம் அதுவரை பெற்றிராத புள்ளிகள் அவை. 2024-25இல் 56 புள்ளிகள், ஒன்பதாம் இடம். ஓ'நீலும் சோடை போகவில்லை. 2023-24இல் அவர் அணி பெற்றது 46 புள்ளிகள். இருவருக்கும் இடையே இரண்டே புள்ளி!

இனி இதன் மறுபக்கம். வெஸ்ட் ஹாம் கழகம் 2009-10இல் 35 புள்ளிகளுடன் பதினேழாம் இடத்தில் நின்று பிழைத்தது. 2010 மே 11இல் மேலாளர் ஜான்பிராங்கோ சோலா நீக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்தவர் ஆவ்ரம் கிராண்ட். அதே பருவத்தில் புள்ளிக் குறைப்புக்கும் ஆளாகிக் கடைசி இடத்தில் வீழ்ந்த போர்ட்ஸ்மத் அணியை நடத்தியவர் அவர், அவ்வணியை எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம் வரை கொண்டு சென்றவர் என்பதும் உண்மை. அடுத்த பருவத்தில் வெஸ்ட் ஹாம் 33 புள்ளிகளுடன் கடைசி இடத்தில் முடிந்து வீழ்ந்தது. 2011 மே 15இல் விகன் அணியுடன் இரண்டு கோல் முன்னிலை பெற்றும் இரண்டுக்கு மூன்று எனத் தோற்று வீழ்ச்சி உறுதியான அன்றே கிராண்டும் நீக்கப்பட்டார். சோலாவை விலக்கியதால் கழகம் பெற்றது என்ன?

லெஸ்டர் நகரின் கதையைச் சொல்லாமல் இப்பொருளைப் பேசுதல் இயலாது. 2014-15இல் அவ்வணி 29 ஆட்டங்களில் 19 புள்ளிகளே பெற்று, பாதுகாப்பான இடத்திற்கு ஏழு புள்ளிகள் கீழே கிடந்தது. எஞ்சிய ஒன்பதில் ஏழு ஆட்டங்களை வென்று பதினான்காம் இடத்திற்கு உயர்ந்தது. அந்த மீட்சியை நடத்திய நைஜல் பியர்சன் 2015 ஜூன் 30இல் நீக்கப்பட்டார். பார்வையில் அடிப்படை வேறுபாடுகள் உள்ளன என்றது கழகம். தாய்லாந்துப் பயணத்தில் ஒழுக்கக்கேடாய் நடந்துகொண்டதற்காக நீக்கப்பட்ட மூன்று ஆட்டக்காரருள் அவர்தம் மகனும் ஒருவர் என்பதையும் உடன் வைத்தே இதனைக் காணல் வேண்டும். இரு வாரத்திற்குப் பின் வந்த கிளாடியோ ரனியேரி, முந்தைய ஆண்டில்தான் கிரேக்க அணி பரோ தீவுகளிடம் தோற்றதால் பதவியிழந்தவர். அவரையா அமர்த்துவது என்று நகைத்தோர் பலர். அந்த லெஸ்டர் 2015-16இல் 81 புள்ளிகளுடன் வாகை சூடியது. அதற்கு முன் பந்தயக்காரர் வைத்திருந்த விகிதம் ஐயாயிரத்திற்கு ஒன்று.

நீக்கியது சரியென்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. வார்டி, மாரெஸ், டிரிங்க்வாட்டர், மார்கன், ஷ்மைக்கேல் என அவ்வணியின் தூண்கள் யாவரும் பியர்சன் காலத்திலேயே அங்கிருந்தவர்கள். ரனியேரி வந்தபின் சேர்ந்த கான்டேயின் பங்கு பெரிதெனினும் அடித்தளம் பழையது. மேலும், பியர்சனை நீக்கிய நாளில் அடுத்தவர் யார் என்று கழகம் அறிவிக்கவில்லை. போர்ன்மத்தோ மாற்றாளை ஆயத்தமாய் வைத்துக்கொண்டு நீக்கிற்று. முறை வேறு வேறாயினும் இருவர்க்கும் நற்பயன் விளைந்தது. பயனை மட்டும் நோக்கி முறையைப் போற்றுவோமாயின், கண்ணை மூடி எறிந்த கல் மாங்காயை வீழ்த்தியதற்காக எறிந்தவனைக் குறிபார்ப்பதில் வல்லவன் என்று புகழ்ந்தவராவோம். வாகை சூட்டித் தந்த ரனியேரியையே ஒன்பது மாதத்தில், 2017 பிப்ரவரி 23இல், அணி வீழ்ச்சி எல்லைக்கு ஒரு புள்ளி மேலே நின்றபோது அக்கழகம் நீக்கியது என்பதையும் மறத்தலாகாது.

அமெரிக்கச் சமூகவியலாளர் காம்சன், ஸ்காட்ச் ஆகிய இருவரும் 1964ஆம் ஆண்டிலேயே பேஸ்பால் அணிகளை ஆராய்ந்து, தோற்கும் அணி மேலாளரை மாற்றுதல் பலிகடாவைத் தேடும் சடங்கே என்று எழுதினர். பருவத்தின் நடுவே நிகழும் நீக்கங்களுக்கு அக்கருத்து நன்கு பொருந்தும். நாம் பேசும் நீக்கத்திற்கு அது பொருந்தாது. பலிகடா தோல்விக்குத் தேடப்படுவது. இங்கு நீக்கப்படுபவர் இட்ட பணியை முடித்தவர்.

வள்ளுவர் தெரிந்துதெளிதலுக்கு ஓர் அதிகாரம் வகுத்து, அதனை அடுத்துத் தெரிந்துவினையாடலுக்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். நம்பத்தக்கவரைத் தேர்தல் வேறு, இன்ன வினைக்கு இன்னவர் எனப் பொருத்துதல் வேறு என்னும் அந்நுட்பம் இங்குப் பெரிதும் பயன்படும். மூழ்கும் படகினின்று நீரை இறைத்தல் ஒரு வினை. நெடும்பயணத்திற்குக் கலம் சமைத்தல் மற்றொரு வினை. தற்காப்பைக் கெட்டிப்படுத்தி, ஒரு கோல் வெற்றிகளைச் சேர்த்துப் பிழைக்கச் செய்பவர், புதியதொரு ஆட்டமுறையை ஆண்டுக்கணக்கில் வளர்க்க வல்லவராய் இருத்தல் வேண்டும் என்பதில்லை. நன்றிக்காகவே ஒருவரை வைத்துக்கொள்வது அவருக்கும் நன்மை ஆகாது.

உல்வர்ஹாம்ப்டன் கழகத்தில் நிகழ்ந்ததைக் காண்க. 2024 டிசம்பரில், 16 ஆட்டங்களில் 9 புள்ளிகளே பெற்ற நிலையில் ஓ'நீல் அங்கும் நீக்கப்பட்டார். பின்வந்த விட்டோர் பெரேரா அணியை மீட்டுப் பதினாறாம் இடத்தில் நிறுத்தினார். இக்கழகம் அவரை நீக்கவில்லை. 2025 செப்டம்பரில் மூன்றாண்டுக்குப் புதிய ஒப்பந்தமே தந்தது. நன்றியுடைமைக்கு எடுத்துக்காட்டு என்று சொல்லி வாய் மூடுமுன், 10 ஆட்டங்களில் 2 புள்ளிகளே பெற்ற அணியின் மேலாளராய் நவம்பர் 2இல் அவர் வெளியேற்றப்பட்டார். அக்கோடையில் குன்யாவையும் ஐத்-நூரியையும் மான்செஸ்டரின் இரு கழகங்களுக்கும் விற்றவர் மேலாளரல்லர். ஒப்பந்தத்தை நன்றியாகக் கொடுத்து, படைக்கலத்தைப் பிடுங்கிக்கொள்வதைவிடக் கோடையிலேயே கைகுலுக்கி அனுப்புதல் மேல் என்பது நம் கருத்து.

ஆதலின், மீட்டவரை நீக்குவது குற்றமென நாம் சொல்லவில்லை. எத்தகைய ஆட்டம் நமக்கு வேண்டும், அதற்குரியவர் யார் என்று தெளிந்த பின் நீக்கினால் அது நிருவாகம்; அத்தெளிவு இன்றி நீக்கினால் சூதாட்டம். தெளிந்து மாற்றிய பின்னரும் ஒன்பது ஆட்டம் வெல்லாதவரைப் பொறுத்திருக்கும் நெஞ்சுரம் வேண்டும். போர்ன்மத்தை நாம் பாராட்டுவது அப்பொறுமைக்காகவே. ஆயினும் அவர்கள்மேல் நமக்கொரு குறை உண்டு. பணிநீக்கமும் புதிய நியமனமும் ஒரே நாளில் வெளிவந்தன எனின், முடிவு அன்று காலையில் பிறந்ததாய் இருக்க இயலாது. பருவம் முடிந்து மூன்று வாரம் கழிந்த பின்னரே ஓ'நீல் விடுவிக்கப்பட்டார். கோடையின் தொடக்கத்தில்தான் கழகங்கள் புதிய மேலாளரைத் தேடும். அவ்வேளையில் மூன்று வாரம் என்பது, வேறிடம் தேடவேண்டிய ஒருவருக்குச் சிறிய காலமன்று. உல்வர்ஹாம்ப்டனில் லோபெடெகி திடீரென விலகியதால் ஆகஸ்டு 9இல் அவருக்கு ஓர் இடம் அமைந்தது. அவர் விலகாதிருந்தால் அப்பருவத்தை ஓ'நீல் வீட்டிலிருந்தே கண்டிருக்கவும் கூடும்.