மூச்சுக் கருவியும் பெற்றோர் மனமும்



பிள்ளையின் செயற்கைச் சுவாசத்தை நிறுத்தலாமா? எந்தப் பெற்றோரும் கேட்க விரும்பாத கேள்வி இது. 2019இல் இலண்டனில் ஒரு முஸ்லிம் குடும்பம் இதனை எதிர்கொண்டது. சிறுமி தஃபிதா ரகீபின் மூளையில் பிப்ரவரியில் இரத்தக்கசிவு ஏற்பட்டது. கருவியை நிறுத்துவதே அவளுக்கு நலம் என்றனர் மருத்துவர்கள். இத்தாலியின் ஜெனோவா நகரக் குழந்தைகள் மருத்துவமனையோ அவளை ஏற்க முன்வந்தது. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. அவள் வலியால் துன்புறவில்லை என்பதையும், குடும்பத்தின் மார்க்க நம்பிக்கையையும் கருதி, அக்டோபர் 3இல் நீதிபதி பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தார். 2020 ஜனவரியில் அவள் தீவிர சிகிச்சைப் பிரிவை விட்டு வெளியே வந்தாள்.

எல்லா வழக்கும் இவ்வாறு முடிவதில்லை. 2017இல் அதே நாட்டில் கைக்குழந்தை சார்லி கார்டின் பெற்றோர் எல்லா நீதிமன்றங்களிலும் தோற்றனர். ஜூலை 28இல் குழந்தை இறந்தது.

மார்க்கம் கூறுவது யாது? 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, மூளையின் இயக்கம் யாவும் மீளாதவாறு நின்றுவிட்டதென நிபுணர்கள் உறுதி செய்து, மூளை சிதையவும் தொடங்கிவிட்டால், கருவியை அகற்றலாம் எனத் தீர்மானித்தது. தஃபிதாவின் நிலை அதுவன்று. இவ்வேறுபாட்டை அறியாமலே பல குடும்பங்கள் பதறுகின்றன.

எனவே வாசகர்களே, அத்தகைய வேளை வந்தால் முதலில் கேளுங்கள்: "மூளை இறந்துவிட்டதா, இன்னும் இயங்குகிறதா?" வேறொரு நிபுணரின் கருத்தையும், நம்பிக்கைக்குரிய ஆலிமின் விளக்கத்தையும் பெறுங்கள். மருத்துவர் நம் பகைவரல்லர். அவருக்கும் அப்பிள்ளையின் வேதனையே கவலை.

நோயுற்ற பிள்ளைகளுக்கு ஷிஃபாவையும் பெற்றோருக்கு ஸப்ரையும் அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.